பிரெஞ்சுச் சந்தையில் ஊறுகாயைத் தொடாதவர்

ஓசியில் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லும் ஆளை நான் நம்பமாட்டேன். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு மேசைக்குப் பின்னால் நின்று, ரொட்டித் துண்டில் எலுமிச்சை ஊறுகாயைத் தடவி நீட்டி நீட்டிக் கற்றுக்கொண்ட பாடம் அது. அந்தப் பாடம் தப்பு என்று தெரிந்தபோது எனக்கு ஐம்பத்து நான்கு வயது ஆகியிருந்தது. என் தம்பி வீட்டில் இல்லை.

ரங்கூனில் பழைய துரை வீடு ஒன்றின் தோட்டத்தில் அந்தச் சந்தை நடக்கிறது. காலை எட்டு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். டாக்ஸிக்காரர்களிடம் பிரெஞ்சுச் சந்தை என்று சொன்னால் போதும், வாசலில் இறக்கிவிடுவார்கள். பேர்தான் பிரெஞ்சு. உள்ளே இருக்கும் பிரெஞ்சுக்காரர்கள் மொத்தம் மூன்று: ரொட்டி சுடும் மதாம், சீஸ் விற்கும் அவர் வீட்டுக்காரர், அவர்களுடைய நாய். மற்றபடி ஷான் மலைத் தேன், கைத்தறிப் பை, சோப்பு, லபெட் என்கிற தேயிலைச் சாலட், அப்புறம் நான். என் மேசையில் எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய் பாட்டில்கள். எனக்குப் பின்னால் அடுப்பில் தம்பி வடை போடுவான்.

அங்கே வருகிற ஜனங்களைப் பார்ப்பதற்கே தனியாக டிக்கெட் போடலாம். வெள்ளைக்காரர்கள் ஊறுகாய்த் துண்டை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொள்வார்கள். மூடிய கண்ணைத் திறக்காமலே என்ன எண்ணெய், எத்தனை நாள் ஊறியது என்று விசாரணை நடக்கும். "அருமை, அருமை" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, என்னை முதல்முறை பார்ப்பவர் மாதிரி மறுபடியும் ஒரு துண்டு எடுப்பார்கள். நெட்டையாக ஒருத்தர் மூன்று வருஷம் இப்படியே ருசி பார்த்தார். ஊரைவிட்டுக் கிளம்பும்போது சொல்லிக்கொண்டு போக வந்தவர், கடைசியில் ஒரு பாட்டில் வாங்கினார். சின்ன பாட்டில்.

நம்ம ஊர்க்காரர்கள் கேள்வியே கேட்கமாட்டார்கள். தனக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று, வராத வீட்டுக்காரருக்கு ஒன்று. கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசி, கைலி மாதிரிப் புது லோஞ்சி கட்டி வரும் பெண்கள் மதாமின் நீட்ட ரொட்டியைப் பிள்ளையைப் போல இடுப்பில் ஏந்திப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எடுத்து முடித்ததும் ரொட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு என்னிடம் வடை வாங்கித் தின்பார்கள். பக்கத்து மேசையில் லபெட் விற்கிறவளை நான் அமா என்று கூப்பிடுவேன், பர்மியத்தில் அக்கா என்று அர்த்தம். அவள் ஒருநாள் சீஸை முகர்ந்து பார்த்துவிட்டு, "அடி ஆத்தே, இதுக்கு நம்ம ஙாப்பி சந்தனமாச்சே" என்றாள். பழிக்குப் பழியாக சீஸ்காரரின் மூக்கில் அவளுடைய ஙாப்பி மீன்விழுது டப்பாவை நீட்டினாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். முகம் எல்லாவற்றையும் சொன்னது.

ஆனால் இரண்டு மூன்று வருஷமாக அந்தச் சிரிப்பில் ஏதோ இறங்கிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் யாராவது ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போனவர்களின் இடத்துக்கு ஆள் வரவில்லை. வெளியே தெருவில் பட்டாளத்துப் பச்சை லாரி மெதுவாகப் போகும் சத்தம் கேட்டால், எங்கள் பேச்சு நிற்காது, கை மட்டும் நின்றுவிடும். அமா கரண்டியை அப்படியே பிடித்திருப்பாள், சோப்புக்காரி காகிதத்தைப் பாதி மடித்தபடி இருப்பாள். வெள்ளைக்காரர்கள் ஆட்டுப்பால் சீஸா மாட்டுப்பால் சீஸா என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். லாரி கடந்ததும் கைகள் திரும்ப வேலை செய்யும்.

எனக்குக் கை மட்டுமல்ல, மூச்சே நின்றுவிடும். பின்னால் அடுப்பில் நிற்பவனுக்கு முப்பத்தொரு வயது. அம்மா நாற்பது தாண்டிப் பெற்ற பிள்ளை, நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். படைக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்த பிறகு, பதினெட்டு முதல் முப்பத்தைந்து வரை ஆம்பளைப் பிள்ளை இருக்கிற வீடுகளில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. வார்டு ஆபீஸில் பேர் எழுதிக் குலுக்கல் போடுகிறார்கள். பேர் விழுந்தால் போக வேண்டியதுதான். பேர் விழாதவனையும் வழியில் பிடித்தால் பிடித்ததுதான். எங்கள் தெருவில் மூன்று பேர் போனார்கள். ஒருவன் ஆறு மாதத்தில் சாம்பலாகக்கூடத் திரும்பவில்லை, கடிதமாக வந்தான்.

அதனால் நாங்கள் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தோம். தம்பி சட்டம் வருவதற்கு முன்பே சிங்கப்பூர் போய்விட்டான் என்று. வாசலில் யார் வந்து கேட்டாலும் நான் ஒப்பிப்பேன்: "சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வேலைங்க. போன் பண்ணினா எடுக்கவே மாட்டேங்கிறான், அம்புட்டு வேலை." இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே சில நாள் அவன்மீது கோபம் வரும், ஏன் போன் செய்யவில்லை என்று. அவன் க்யிம்யிண்டைங் பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் வாரம் முழுக்க உளுந்து அரைத்துக்கொண்டு கிடப்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னோடு டாக்ஸியில் சந்தைக்கு வருவான். வெள்ளைக்காரர்கள் கண் முன்னால் யாரையும் பிடிக்கமாட்டார்கள் என்று நாங்களாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஒரு காலைதான் அவன் வாரத்தில் வெயில் பார்ப்பது.

அடுப்புப் பக்கம் ஒரு பெண் வரும். கண்ணாடி போட்டிருக்கும், இன்சீன் பக்கமிருந்து, ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் வருவதாகச் சொல்லும். தமிழ் புரியும், பேசுவது பர்மியம்தான். ஒரே ஒரு வடை வாங்கும், அதை அடுப்போரம் நின்றே தின்னும். ஒரு வடையைத் தின்ன அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிற பிறவியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பாவம், பல்வலி போல என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த மனிதர் வந்தது சித்திரை வெயில் கொளுத்திய ஒரு ஞாயிறு. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கறுப்புக் குடை, மடிப்புக் கலையாத லோஞ்சி, சட்டைப் பையில் சின்ன நோட்டு. முகத்தைப் பார்த்தால் நம்ம ஆள் போலத்தான் இருந்தது, பேச்சு பர்மியம். நான் வழக்கம்போல ஊறுகாய்த் துண்டை நீட்டினேன்.

"யாபாதே" என்றார். பரவாயில்லை, வேண்டாம் என்று அர்த்தம்.

"சும்மாதாங்க, ருசி பாருங்க. காசு இல்ல."

"யாபாதே, யாபாதே."

போகவும் இல்லை. குடையை ஊன்றிக்கொண்டு கால்மணி நேரம் நின்று தம்பியைப் பார்த்தார். அவன் மாவைத் தட்டுவதை, எண்ணெயில் விடுவதை, வியர்வையைத் துடைப்பதை. பிறகு வாசலைப் பார்த்தார், நோட்டில் ஏதோ குறித்தார், கிளம்பினார். 

அடுத்த ஞாயிறும் வந்தார். சுடச்சுட வடையை இலையில் வைத்து நீட்டினேன். வேண்டாம். வேர்த்து ஒழுகுகிறதே என்று ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தேன். தண்ணீரையும் வேண்டாம் என்று கும்பிட்டார். அந்த வெயிலில் மதாமின் நாயே என் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் போகும். ஆறு வருஷத்தில் என் மேசை முன்னால் நின்று எதையுமே வாயில் போடாத முதல் ஆள் அவர்தான்.

அவர் போனதும் அமா என்னைத் தன் மேசைக்குப் பின்னால் இழுத்தாள். அவள் பர்மியத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அந்தாளு உன் தம்பியைப் பத்தி எங்கிட்ட துருவித் துருவிக் கேட்டாருடி."

"என்ன கேட்டான்?"

"வயசு என்னான்னு கேட்டாரு. குடிப்பானான்னு கேட்டாரு. உடம்புல ஏதும் சீக்கு உண்டா, ராத்திரி எங்க தூங்குறான், வீட்டுக்கு ஒழுங்கா வந்துடுவானான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"எனக்கென்ன தெரியும்னுட்டேன்." அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள். "கடைசியா ஒண்ணு கேட்டாரு. குலுக்கல்ல பேரு விழுந்துச்சான்னு."

நான் பக்கத்திலிருந்த தேன் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அமா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "டலான்." ஆள்காட்டி என்று அர்த்தம். அந்த வார்த்தையை ரங்கூனில் யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். அவளும் உதட்டை மட்டும்தான் அசைத்தாள்.

அந்த வாரம் முழுக்க எதைப் பார்த்தாலும் எனக்கு அதற்கு அத்தாட்சியாகவே தெரிந்தது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் தம்பியை அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் தள்ளுவேன். அது எதிர்வீட்டுக்காரர் தயிர் வாங்கி வருகிற சத்தமாக இருக்கும். கண்ணாடி போட்ட அந்தப் பெண்ணும் இரண்டு வாரமாக வரவில்லை. பார், வாடிக்கைக்காரர்களுக்கே வாடை அடித்துவிட்டது, ஒதுங்குகிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது ஞாயிறு சந்தைக்குப் போகாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். போகாவிட்டால் சந்தேகப்படுவானே என்று போனோம். அவர் எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். ஊறுகாய் பாட்டில்களைப் படம் எடுப்பதுபோலப் போனைத் தூக்கினார். போன் பாட்டிலுக்கு மேலே போய்த் தம்பியின் முகத்தில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

அன்று மத்தியானமே வீட்டில் சண்டை. மோல்மீனில் எங்கள் சித்தி மகன் இருக்கிறான், அங்கே போய்விட்டால் தாய்லாந்து எல்லை தாண்ட ஆள் பிடித்துவிடலாம். நான் பையை எடுத்து வைத்தேன். அவன் நகரவில்லை.

"அக்கா, அந்தாளு என்னைய முறைக்கல. பாத்துச் சிரிக்கிறாரு."

"சிரிச்சுக்கிட்டேதான்டா கழுத்தறுப்பானுங்க!"

"ரோட்டுல எத்தன கேட்டு இருக்கு தெரியுமா? பஸ்ஸுல ஏறி இறங்கி, அட்டையக் காட்டி... வீட்டுல கிடந்தா உசுராவது தங்கும்."

சோதனைச் சாவடியை நாங்கள் கேட் என்போம். எனக்கும் தெரியாததில்லை. ஆனால் பயம் பிடித்தவளுக்குத் தெரிந்தது எது தலையில் ஏறுகிறது? வீட்டுக்கு வந்து பிடித்தால் என் கண் முன்னால் இழுத்துக்கொண்டு போவார்களே, அதைப் பார்க்க என்னால் முடியாது. அவனை நான் காப்பாற்ற நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தக் காட்சியிலிருந்து என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் நினைத்தேன். இரண்டும் உண்மை.

"நீ போகலேன்னா நான் ஆத்துல விழுந்து சாவேன்" என்றேன். இப்படி மூன்று நாள் சண்டை போட்ட பிறகுதான் அவன் கிளம்பினான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடும்போது மட்டும் திரும்பினான்.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு..."

"மோல்மீன் போய்ச் சேந்து போன்ல சொல்லுடா. பஸ்ஸு போயிடும், கெளம்பு."

அது புதன்கிழமை காலை. மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு தெரியாத நம்பரிலிருந்து போன். முகம் தெரியாத ஒரு பர்மியப் பெண், அதே பஸ்ஸில் வந்தவளாம். பெகு தாண்டி இரண்டாவது கேட்டில் நாலு பேரை இறக்கிவிட்டார்களாம். இறங்கும்போது தம்பி அவள் கையில் என் நம்பரைத் திணித்திருக்கிறான். "அவர் பை இங்கயே இருக்கு அமா, உள்ள ஊறுகாய் வாசம் வருது, என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். வைத்துக்கொள்ளம்மா என்றேன். அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்ல முடிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

நான் எங்கே போய்க் கேட்பேன்? வார்டு ஆபீஸில் போய் என் தம்பியைப் பிடித்துவிட்டார்கள் என்றால், எந்தத் தம்பி என்பார்கள். காகிதத்தில் அவன் சிங்கப்பூரில் இருக்கிறான். நானே என் வாயால் எழுதி வைத்தது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பின்னறையில் உட்கார்ந்து, ஊறப்போட்ட உளுந்து புளித்துப் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனேன். விற்பதற்கு இல்லை. அந்தக் குடைக்காரனை நாலு பேர் முன்னால், வெள்ளைக்காரர்கள் முன்னால், வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். பாட்டில்களை அடுக்கினேன், ரொட்டியைத் துண்டு போட்டேன். அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

ஒன்பது மணிக்கு வந்தார். குடை இருந்தது, நோட்டு இல்லை. கையில் ஒரு தட்டு, அதில் வாழைப்பழம், வெற்றிலை, மஞ்சள், ஒரு பெட்டி லட்டு. அவருக்குப் பின்னால் மல்லிகை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, கண்ணாடி போட்ட அந்தப் பெண். 

"தங்கச்சி, இன்னைக்குத்தான் கை நனைக்க வந்திருக்கோம்" என்றார். தமிழில்.

தட்டை என் பாட்டில்களுக்கு நடுவில் வைத்துவிட்டுச் சிரித்தார். இந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் அவர். தகப்பன் இல்லை, அம்மா படுக்கையில். வடை போடுகிற பிள்ளை மேல் மனசு வைத்துவிட்டேன் மாமா என்று இவள் சொல்ல, தமிழர் என்று காட்டிக்கொள்ளாமல் எட்ட நின்று விசாரிக்க வந்திருக்கிறார். விசாரித்து முடிகிறவரை அவள் சந்தைப் பக்கம் வரக்கூடாது என்று வீட்டில் நிறுத்தி வைத்திருக்கிறார். படம் எடுத்தது படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்குக் காட்ட.

"பொண்ணு வீட்டுக்காரங்க நாங்க. முடிவாகுறவரைக்கும் மாப்பிள்ள வீட்டுத் தண்ணிகூட வாயில படக்கூடாது, எங்க பக்கம் அப்படித்தான். நீங்க நீட்ட நீட்ட எனக்கு எச்சி ஊறும். அந்த வெயில்ல ஒரு வாய்த் தண்ணி குடிக்க முடியாம நான் பட்ட பாடு இருக்கே!" அவரே விழுந்து விழுந்து சிரித்தார். "குலுக்கல்ல பேரு விழுந்துச்சான்னு கேட்டதத் தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் காலத்துல அதக் கேக்காம யாரு பொண்ணு குடுக்குறா?"

எங்கள் அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. அவர்கள் ரயில் பட்டறை வாசலில் பார்த்துக்கொண்டார்கள், பேசிக்கொண்டார்கள், குடித்தனம் போட்டார்கள். நானும் ஒரு பர்மாக்காரரை அப்படித்தான் கட்டினேன், அவர் செத்துப் பத்து வருஷமாகிறது. எங்கள் வீட்டுக்கு எந்தக் காலத்திலும் யாரும் தட்டு தூக்கி வந்ததில்லை. சம்பந்தம் பேச வருகிறவர்கள் தண்ணீர் குடிக்கமாட்டார்கள் என்று எனக்கு யார் சொன்னது? தமிழ்நாட்டில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்குமாம். எனக்குத் தெரியவில்லை.

அவர் கையை நீட்டினார். நான் ரொட்டித் துண்டில் ஊறுகாயைத் தடவிக் கொடுத்தேன். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார், வெள்ளைக்காரர்களைப் போலவே.

"மாப்பிள்ளை எங்க, அடுப்பு அணைஞ்சு கிடக்கு?"

நிஜத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இரண்டு வருஷமாகப் பழகிய வாய், தானாகச் சொன்னது: "சிங்கப்பூர் போயிட்டான். புதன்கிழமை. திடீர்னு வேலை வந்துச்சு."

அவர் ஒரு நொடி திகைத்தார். அடுத்த நொடி முகம் மலர்ந்துவிட்டது. "அடேயப்பா! தப்பிச்சாரு பாருங்க! சொல்லாமக் கொள்ளாமப் போனா என்ன, இந்த ஊர விட்டுப் போனாரே, அதுவே பெரிய சீரு! கல்யாணத்த அங்கயே வச்சுக்கலாம்." சந்தோஷத்தில் இரண்டாவது துண்டை எடுத்தார், மூன்றாவதை எடுத்தார். அமா பக்கத்து மேசையில் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அந்தப் பெண் எதையும் எடுக்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு அடுப்பருகே வந்தாள், எப்போதும் நிற்கிற அதே இடத்துக்கு. சிங்கப்பூர்க் கதை நாங்கள் வாசலில் வருகிறவர்களுக்குச் சொல்கிற பேச்சு என்பதைத் தம்பி அவளிடம் எப்போதோ சொல்லியிருக்கிறான். வாணலியின் காதைத் தொட்டுப் பார்த்தாள். மாமாவுக்குக் கேட்காத குரலில், எனக்காக, தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டாள்.

"எந்தக் கேட்ல, அக்கா?"

"பெகு தாண்டி" என்றேன். "ரெண்டாவது."

அவள் தலையில் இருந்த மல்லிகையைக் கழற்றி அணைந்த அடுப்பின்மேல் வைத்தாள். மாமா நாலாவது துண்டுக்குக் கை நீட்டினார். நான் தடவிக் கொடுத்தேன்.